மாமனார் வண்டியைப் பிரித்தவர்கள்

ஊஞ்சப்பாளையத்தில் மழை ஒரு சீராகப் பெய்யாது. கிழக்கு வீதியில் ஓடையாக ஓடும்போது மேற்கு வீதியில் தூறல்கூட இருக்காது. புத்தியும் அந்த ஊரில் அப்படித்தான் பெய்திருந்தது. பொங்கியண்ணன் குடியிருந்தது மேற்கு வீதி.

அவனுடைய மாமனார் குழந்தைசாமியிடம் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் இருந்தது. தன் கல்யாணத்துக்கு அவர் அதில்தான் வந்து இறங்கினாராம். இப்போது அது மாட்டுக் கொட்டகையில் சோளத்தட்டுக்குள் பாதி புதைந்து நின்றது. சீட்டில் கோழி அடைகாத்தது. சைலன்சருக்குள் அணில் குடித்தனம். ஆனாலும் பொங்கியண்ணனுக்கு அதன்மேல் ஒரு கண். பெண் பார்க்கப் போன அன்றைக்கே தன்னைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தான் என்று அவன் மனைவி பாவாத்தாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமனார் அவனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, கல்யாணத்தன்னிக்குப் புது மாப்பிள்ளைய இந்த வண்டில உக்கார வெச்சு மண்டபத்துக்குக் கூட்டியாந்தீங்கன்னா, வண்டி உங்களுக்கு. இல்லீன்னா மறுநாளே பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிருவான். சொல்லி வெச்சாச்சு."

பொங்கியண்ணன் நேராகக் கொட்டகைக்கு ஓடினான். உடனே அதை மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவன் பங்காளி ராக்கியப்பன். எதையும் தீர யோசிப்பவன், யோசித்த பிறகுதான் தப்பாகச் சொல்லுவான். இன்னொருவன் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் தெய்வசிகாமணி.

டவுனில் காசிம் பாய்தான் பழைய வண்டிகளுக்கெல்லாம் மெக்கானிக். மூவரும் போனபோது அவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார்.

"நான் வர முடியாதுப்பா. போன்ல சொல்றேன், நீங்களே செய்யுங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க."

இந்த ஒரு புத்திமதியை மூவரும் கடைசிவரை மீறவே இல்லை.

"மொதல்ல வண்டிய முழுசாப் பிரிங்க" என்றார் பாய்.

ஊருக்குத் திரும்பி, வண்டியைக் கழற்றி வாசலில் பரப்பி, மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பிரிக்கறதுன்னா ஞாயமாப் பிரிக்கோணும்" என்றான் ராக்கியப்பன். "நாளைக்கு ஒருத்தர் மூஞ்சி ஒருத்தர் பாக்கோணுமல்லோ?"

"சக்கரம் ரெண்டுதான இருக்குது? ஆளு மூணு" என்றான் தெய்வசிகாமணி.

"சக்கரம் கெடைக்காதவனுக்கு இன்ஜினு."

"ஆரன் எனக்குத்தான்" என்றான் தெய்வசிகாமணி. "ஊதற சாமான் ஊதறவன் கைலதான் இருக்கோணும்."

பொங்கியண்ணன் ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "ஏம் பங்காளி, வண்டி எனக்கு வரோணும்னுதான இத்தன பாடு?"

"அதுக்கு என்ன பண்றது? பாய் பிரிக்கச் சொல்லிட்டாரே" என்றான் ராக்கியப்பன், அவன் தோளைத் தட்டி.

வண்டி மூன்று வீட்டுக்குப் போனது. ராக்கியப்பன் வீட்டில் பெட்ரோல் டேங்கில் ராகி கொட்டி வைத்தார்கள். தெய்வசிகாமணி வீட்டு நாய் ஹெட்லைட் கிண்ணத்தில் பால் குடித்தது. பொங்கியண்ணன் தன் பங்குக்கு வந்த சீட்டையும் முன்சக்கரத்தையும் கட்டிலுக்கு அருகே வைத்துக்கொண்டு பாய்க்குப் போன் போட்டான்.

"பிரிச்சாச்சுங்க பாய். எனக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் வந்துச்சு. பரவால்லைங்க."

பாய் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "எல்லாத்தையும் ஒரே எடத்துல கொண்டாந்து வைங்கப்பா" என்றார். வைத்தார்கள். நாய் மட்டும் ஹெட்லைட் பின்னாலேயே வந்து, கல்யாணம் முடியும்வரை அந்த வாசலில் படுத்திருந்தது.

"துருவச் சுத்தமா எடுத்துட்டு, நல்ல பெயிண்டா அடிங்க" என்றார் பாய்.

உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்தார்கள். விழுந்த துருவை ஒரு பொட்டுகூடச் சிந்தாமல் ஊறுகாய்ப் பாட்டிலில் எடுத்தார்கள். என்ன நிறம் என்பதில் வாக்குவாதம் வந்து, கடைசியில் மயில்நீலம் என்று முடிவானது. துருவை முறத்தில் கொட்டிப் பரப்பி, அதற்கு அழகாக மயில்நீலப் பெயிண்ட் அடித்தார்கள். மீந்த பெயிண்டை வீணாக்க வேண்டாமே என்று வண்டிக்கும் பூசினான் பொங்கியண்ணன். மற்ற இருவரும் அது சொந்த யோசனை என்று அவனைக் கடிந்துகொண்டார்கள்.

"மத்தபடி ஊட்டுல இருக்கறத வெச்சு உங்க இஷ்டத்துக்கு அழகு பண்ணிக்குங்க" என்று பாய் ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னார். பாவாத்தாள் தோட்டத்திலிருந்து திரும்பிவந்து பார்த்தபோது பீரோவில் கண்ணாடியைக் காணோம். அது ஹேண்டில்பாரில் ஆளுயரத்துக்கு நின்றது. அன்றிலிருந்து அவள் பொட்டு வைக்க வாசலுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

"கார்புரேட்டர் அடைச்சிருக்கும். நல்லா ஊதுங்க" என்றார் பாய்.

தெய்வசிகாமணி போனைப் பிடுங்கினான். "என்ன ராகமுங்க?"

பாய் போனை வைத்துவிட்டார். ராகம் சொல்லாததால் தெரிந்த எல்லா ராகத்தையும் ஊதுவதென்று முடிவாயிற்று. கல்யாணியில் ஒன்றும் நடக்கவில்லை. முகாரியில் ஒரு குளவிக்கூடு பொத்தென்று வெளியே விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்து, "ப்ளக்குல கரண்டு வருதான்னு பாருங்க."

அன்றைக்கு ஊர் முழுக்க மின்தடை. "ஊருக்கே இல்லாத கரண்டு ப்ளக்குக்கு மட்டும் எப்படி வரும்?" என்றான் ராக்கியப்பன். மூவரும் வண்டிக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் தெருவிளக்கு எரிந்தது. "வந்துருச்சுங்க பாய்!" என்று பொங்கியண்ணன் கத்தியதில் பாய்க்கே கண் கலங்கிவிட்டது.

"இனி பூட்ட வேண்டியதுதான்" என்றார் அவர். "இந்த ரக இன்ஜினுக்கு டைமிங்தான் உசிரு. டைமிங் தப்புச்சுன்னா எல்லாமே தலைகீழாப் போயிரும். டைமிங் பாத்துப் பூட்டுங்க."

பார்த்தார்கள். காலண்டரைக் கிழித்து, ராகுகாலமும் எமகண்டமும் கழித்து, நல்ல நேரத்தில் பூட்டினார்கள். எந்தத் துளையில் எந்த ஆணி என்பதை நல்ல நேரமே பார்த்துக்கொண்டது.

கல்யாண நாள் காலை. வண்டி மயில்நீலமாக மின்னியது. பாய் கடைசியாகச் சொன்னார்: "பெட்ரோல் ஊத்தி ஓங்கி ஒரு உதை உதைங்க."

"மாமனார் வண்டிய நான் எப்படி உதைக்கறது?" என்றான் பொங்கியண்ணன்.

"நானும் பங்காளி மொறை. உனக்கு மாமன்னா எனக்கும் மாமன்தான்" என்றான் ராக்கியப்பன்.

மாமனாருக்கு எந்த வகையிலும் உறவில்லாத தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, பின்சக்கரத்தில் ஓங்கி ஓர் உதை விட்டான். வண்டி கிளம்பவில்லை. அவன் கட்டைவிரல் பூசணியாக வீங்கியது.

"தங்கச்சி கல்யாணத்துக்கு நேரமாச்சு" என்று பாவாத்தாள் பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். கிக்கரை ஒரே மிதி. வண்டி கனைத்துக்கொண்டு உயிர்த்தது. பொங்கியண்ணன் அழுதேவிட்டான். ஏறி உட்கார்ந்து கியர் போட்டான். வண்டி விர்ரென்று பின்னால் போய் வைக்கோற்போரில் மோதி நின்றது.

மறுபடி போட்டான். மறுபடியும் பின்னால்தான்.

"வண்டி பின்னாடி போகுது" என்றான் பொங்கியண்ணன். பழைய இரும்புக்காரன் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

ராக்கியப்பன் தாடையைத் தடவினான். "வண்டி சரியாத்தான் போகுது பங்காளி. நாமதான் தப்பா நிறுத்திப்போட்டோம். மண்டபம் கெழக்கால. வண்டிய மேக்குப் பாத்து நிறுத்து."

நிறுத்தினார்கள். பேண்டு செட்டோடு அந்த வாசலுக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை யுகேந்திரன் ஒன்றும் புரியாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். பொங்கியண்ணன் பீரோக் கண்ணாடியில் பாதையைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஓட்டினான். பேண்டு செட்டுக்குத்தான் குழப்பம். மாப்பிள்ளைக்கு முன்னால் போவதுதான் வழக்கம், முன்னால் எது? தெய்வசிகாமணி வீங்கிய விரலோடு நொண்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்: மாப்பிள்ளையின் முகம் பார்க்கிற பக்கம்தான் முன்னால். ஆக அந்தப் பக்கம் நின்று, வண்டி போகிற திசைக்கு அவர்களும் பின்னோக்கி நடந்தே ஊதிக்கொண்டு வந்தார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் வழியில் வாய்க்காலுக்குள் போய்விட்டார். அங்கிருந்தும் தாளம் தப்பவில்லை.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களை நோக்கி இரண்டு முதுகுகள் வந்து நின்றன. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, முகூர்த்தம் தவறக்கூடாதே என்று முதுகுக்கே ஆரத்தி சுற்றினார்கள்.

குழந்தைசாமி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட்டியாரச் சொன்னேன், கூட்டியாந்துட்டீங்க. எப்படீன்னு நான் சொல்லலையே. வண்டி உங்களுதுதான் மாப்ள."

பொங்கியண்ணன் பந்தியில் பாயசத்தை மூன்று முறை வாங்கினான்.

சாப்பாடு முடிந்து பாவாத்தாள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். பொங்கியண்ணன் வண்டியில் ஏறினான். ராக்கியப்பன் பின்னால் உட்கார்ந்தான்.

"பங்காளி, ஊட்டுக்குப் போறதுக்கு வண்டியத் திருப்போணுமா?"

ராக்கியப்பன் இறங்கி, வண்டியின் முகத்தையும் ஊர் இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். "எதுக்கு? வண்டி நம்ம ஊரப் பாத்துத்தான நிக்குது. அப்படியே உடு."

விட்டான்.

விளக்கு வைக்கிற நேரமாகியும் ஆட்களைக் காணோம் என்று பாவாத்தாள் போன் போட்டாள். "ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

லாரிகள் இரைகிற சத்தத்துக்கு நடுவே பொங்கியண்ணன் குரல் வந்தது.

"வந்துட்டேதான் இருக்கறோம் புள்ள. வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல, நம்ம ஊட்டப் பாத்தபடியேதான் ஓடுது. ஊடுதான் தள்ளித் தள்ளிப் போயிட்டே இருக்குது. நீ கொஞ்சம் வெளிய வந்து அதப் புடிச்சு நிறுத்து."