எட்டாம் இடத்து மல்லன்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மருதாற்று நாட்டைக் கதிர்மாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றிவிடுவான். அவனுக்கு உயிர், மல்யுத்தம். வருஷா வருஷம் நாட்டின் பயிற்சிச் சாலைகளில் படிக்கும் இளவட்டப் பிள்ளைகளை வரவழைத்துப் போட்டி வைப்பான். ஜெயிக்கிற பிள்ளையின் ஊருக்கு, அந்த ஊர் கேட்கிற ஒன்றைச் செய்து கொடுப்பான்.

போன வருஷப் போட்டி சப்பென்று போய்விட்டது. இருந்ததிலேயே பலசாலிகள் இரண்டு பேரும் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார்கள். கடைசிப் போட்டி கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ராஜா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

இந்த வருஷம் எட்டுப் பிள்ளைகள் தேறி வந்தார்கள். ராஜா தளபதி செம்பியராயரைக் கூப்பிட்டான்.

"பிள்ளைகளைப் பழக்கியவர் நீர். யார் பலம் எவ்வளவு என்று பார்த்து வரிசைப்படுத்தி நிறுத்தும்."

தளபதிக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அவர் மகன் சேந்தனும் அந்த எட்டுப் பேரில் ஒருவன். வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் மோதுவதுதான் அதுவரை இருந்த வழக்கம். அதனால் தன் மகனை முதலில் நிறுத்தினார். அவன் பக்கத்தில், பலமாகக் காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் போல ஒரு பையன். காரியைக் கடைசியில் தள்ளிவிட்டார்.

யார் இந்தக் காரி? நாணல்திட்டு என்ற ஆற்றுத்தீவில் பரிசல் ஓட்டுகிற ஒருத்தியின் மகன். வெள்ளம் வரும்போதெல்லாம் அந்தத் திட்டில் பாதி வீடுகள் போய்விடும். ஒரு கரை கட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் ஊரே சேர்ந்து அவனை அனுப்பியிருந்தது. பரிசல் தள்ளித் தள்ளி அவன் தோள் இரும்பாக இருந்தது. அவனை அமுக்க அந்த எட்டுப் பேரில் ஆளில்லை. தளபதிக்கும் அது தெரியும். அதனால்தான் அவனை ஒரு முரட்டுப் பையன் பக்கத்தில் நிறுத்தினார். முதல் சுற்றிலேயே களைத்துப் போகட்டும் என்று கணக்கு.

அமைச்சர் வெண்காடர் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. மெதுவாகக் கேட்டார்:

"தளபதியாரே, முதலில் நிற்பவன்தான் எல்லாரையும்விடப் பலசாலியா?"

"சந்தேகமென்ன?"

"கடைசியில் நிற்பவன்?"

"அவனா? பரிசல்காரி மகன். எட்டுப் பேரிலும் சோப்ளாங்கி."

"ராஜாவின் முன்னால் ஆணையிட்டுச் சொல்வீரா?"

"என் வாள்மேல் ஆணை!"

அமைச்சர் ராஜா பக்கம் திரும்பினார். "அரசே, பலசாலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் மோதவிட்டதால்தான் போன வருஷம் போட்டி கெட்டது. இந்தத் தடவை முதலில் நிற்பவனோடு கடைசியில் நிற்பவன் மோதட்டும். இரண்டாமவனோடு ஏழாமவன். நடுவில் நிற்கும் நாலாமவனும் ஐந்தாமவனும் ஒரு ஜோடி. இப்படி வைத்தால் நல்ல மல்லர்கள் கடைசிவரை தங்குவார்கள்."

"ஆஹா!" என்று ராஜா தொடையைத் தட்டினான். "அப்படியே நடக்கட்டும்!"

தளபதியின் முகம் வெளிறிப்போனது. "அரசே... பழைய வழக்கம்..."

"ஏன் ஐயா பயப்படுகிறீர்?" என்றார் அமைச்சர். "உம் மகனுக்குச் சோப்ளாங்கிதானே எதிராளி?"

சபை சிரித்தது. தளபதியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போது சேந்தன் வரிசையை விட்டு முன்னால் வந்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிக்கணும் அரசே. இந்த வரிசை தப்பு. காரிதான் முதலில் நிற்க வேண்டியவன்."

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜா முன்னால் குனிந்தான். "அப்படியானால் நீ எங்கே நிற்க வேண்டும்?"

"நாலாவது இடத்தில்."

"ஏன் நாலாவது?"

"மூன்று பேர் என்னை மல்லாக்கத் தள்ளியிருக்கிறார்கள், அரசே. மற்றவர்களை நான் தள்ளியிருக்கிறேன்."

ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யார் யாரைத் தள்ளினீர்கள் என்று நீங்களே சொல்லி நில்லுங்கள்!" என்றான். பிள்ளைகள் தங்களுக்குள் பேசி, சண்டையில்லாமல் இடம் மாறி நின்றார்கள். காரி முதலில் வந்து நின்றான். அந்தக் காற்றடித்தால் சாய்கிற பையன் நிம்மதியாகக் கடைசிக்குப் போனான்.

போட்டி நடந்தது. சேந்தன் முதல் சுற்றில் ஜெயித்தான். அடுத்த சுற்றில் காரியோடு மோதினான். காரி இரண்டு முறை பிடித்தும் சேந்தன் நழுவி எழுந்தான். மூன்றாம் பிடியில்தான் அவன் முதுகு மண்ணில் பட்டது. ஜெயித்த காரியே கைகொடுத்துத் தூக்கிவிட்டான். கடைசிப் போட்டி நிழல் நீளும்வரை போய், அதிலும் காரி ஜெயித்தான். ஊருக்குக் கரை கேட்டான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அமைச்சர் வாங்கவில்லை.

"என் புத்தி ஒரு பொய்யை மாட்டவைத்தது, அவ்வளவுதான் அரசே. அதை நேராக்கியது அந்தப் பிள்ளை."

மாலை சேந்தன் கழுத்துக்குப் போனது. ராஜா தளபதியைப் பார்த்தான். "என் முன்னால் பொய் ஆணையிட்டீர். அந்த வாளை இங்கே வையும். நாணல்திட்டுக் கரையை நீரே முன்னின்று கட்டி முடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளும்."

தளபதி தலைகுனிந்து வாளை வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சேந்தன் கோதாவின் ஓரத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அப்பா வருவதைப் பார்த்ததும் பதறி எழுந்தான். திட்டுவார் என்று நினைத்தான்.

அவர் மேல்துண்டை எடுத்து, மகன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டார்.

ஜெயித்தாயா, தோற்றாயா என்றுதான் அதுவரை கேட்டிருக்கிறார். சேந்தன் ஆமென்று தலையை ஆட்டினான். அவர் அவன் தோளைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பதமாக நீவிவிட ஆரம்பித்தார்.