சென்னியப்பனின் நெடுங்குழல்

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடர் ஐம்பதைத் தொட்டுவிட்டவர். குரு பெண், சீடர் ஆண். ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது என்பதிலேயே முதல் நாளில் பாதி போய்விட்டது. “ஆசானே” என்று அவர் கூப்பிட்டுப் பார்த்தார். பழனாத்தா யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். கடைசியில் அவர் அவளை அம்மிணி என்றார், அவள் அவரை அண்ணா என்றாள். தகராறு தீர்ந்தது.

மலையைப் பாளையக்காரர்கள் ஆண்ட காலம் அது. வெள்ளிமுடி மலையில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் பாறைக்குன்றான எதிர்க்கரட்டில் இருப்பதைக் குறி பார்த்து அடிக்கப் பழனாத்தா ஒருத்தியால்தான் முடியும். அவள் பேச்சை எடுத்தாலே மலைக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவள் அதற்குத் தகுதியானவள்தான்.

சென்னியப்பன் அவளைத் தேடி வந்ததற்கு ஒரு பன்றி காரணம்.

“கன்னுக்குட்டி ஒசரமுங்க அம்மிணி. ரெண்டு வருசமா என்ற ராகிக்காட்டுல ஒரு கதிரை மிச்சம் வெக்கலீங்க. இந்த வருசமும் தின்னு போட்டுதுன்னா, காட்டை வித்துட்டுக் கீழ கூலிக்குத்தான் எறங்கோணும்.”

“காவலுக்கு உக்காந்து பாத்தீங்களா?”

“உக்காந்தனுங்க.” வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டினார். முழங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் சதையைக் கிழித்து ஒட்டவைத்தது போல ஒரு தழும்பு ஓடியது.

பழனாத்தா தழும்பைப் பார்த்தாள்.

“எங்கிருந்து சுடோணுங்கறீங்க?”

“பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்துங்க. சாயங்காலமானா எதிர்க்கரட்டுல ஒரு சேத்துக்குழி இருக்குதுங்களே, அங்க வந்து பொரளுது. இங்கிருந்தே போட்டுத் தள்ளற மாதிரி ஒரு நீளத் துப்பாக்கி, பாகமெல்லாம் பாத்துச் சேர்த்துக் குடுங்க.”

“நான் சேர்த்துத் தரமாட்டனுங்கண்ணா. நீங்க சேர்ப்பீங்க. கையில என்ன இருக்குது?”

“ஒரு கிடாரிக்கன்னு இருந்துது, வித்துக் காசாக்கிட்டனுங்க. அவ்வளவுதான்.”

“செரி, சந்தைக்குப் போலாம்.”

சந்தையில் ராவுத்தர் கடை விரித்திருந்தார். எங்கெங்கோ நடந்த சண்டைகளில் ஒடிந்து போன துப்பாக்கிகளை வாங்கிக் கழற்றிக் குழல் தனி, பொறி தட்டும் குதிரை தனி, தோளில் தாங்கும் கட்டை தனி என்று கோணிமேல் பரப்பியிருப்பார். பழனாத்தாவைக் கண்டதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“வந்துட்டியா தாயி! இன்னிக்கு என் பொழப்பு அவ்வளவுதான்.”

சென்னியப்பன் கண் போன இடம் ஒரு பித்தளைக் குதிரை. தீக்கல்லைக் கவ்விப் பிடிக்கும் அதன் வாய்மேல் கிளி உருவம் செதுக்கியிருந்தது. கிளிக்குச் சிவப்புக் கல்லில் கண் வேறு. அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்க மனமில்லாமல் தடவிக்கொண்டே நின்றார்.

பழனாத்தா அதை வாங்கி விசையை அழுத்தினாள். பொறி பறந்தது. மறுபடி அழுத்தினாள், பறந்தது. மூன்றாவது முறை ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிடந்த, சாணியில் கிடந்து எடுத்தது போன்ற ஓர் இரும்புக் குதிரையை எடுத்தாள். அழுத்த அழுத்தப் பொறி பறந்தது. ராவுத்தர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எதுல மிச்சம் பிடிக்கிறதுன்னு சொல்லுங்கம்மிணி. எல்லாத்துக்கும் காசு பத்தாது.”

“மத்தவங்க பாக்கறதுல மிச்சம் பிடிங்க.”

குழல்களில் பளபளவென்று தேய்த்து வைத்தவை நாலைந்து இருந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. அடியில் கிடந்த நீளமான ஒன்றை உருவினாள். வெளியே துரு ஏறிப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை இழுத்துக் குழலுக்குள் விட்டு, ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையைச் சென்னியப்பனிடம் கொடுத்தாள்.

“விறைப்பா இழுத்து, உள்ள சுவரோட ஒட்டவெச்சு வெளிச்சத்துல பாருங்க. நூலு எங்கயாச்சும் விலகுதுங்களா?”

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குழலைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தார்.

“இல்லீங்க.”

“அப்ப உள்ள நேரா இருக்குது. வெளிய இருக்கற துருவை நீங்களே தேய்ச்சுக்கலாம்.”

“அது சிப்பாய் ஒருத்தன் வெச்சிருந்தது தாயி,” என்றார் ராவுத்தர். “எவன் கண்ணுலயும் படாம அடியில போட்டு வெச்சிருந்தேன். உன் கண்ணு இருக்கே!” சொல்லும்போது வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

கட்டைக்குக் காசில்லை. சென்னியப்பனிடம் உழுது தேய்ந்த பழைய கலப்பை ஒன்று கிடந்தது. கருவேலங்கட்டை, இரும்பு மாதிரி. அதைத்தான் செதுக்கினார். பழனாத்தா எப்போதாவது வருவாள்.

“கண்ணை மூடுங்க. துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்குங்க. இப்பக் கண்ணைத் திறங்க. நுனியில இருக்கற குறிமுள்ளு கண்ணுக்கு நேரா வந்துதுங்களா?”

“கொஞ்சம் மேல நிக்குதுங்க.”

“அப்ப இன்னும் செதுக்கோணும்.”

போய்விடுவாள். அவர் கன்னம் படும் இடத்தில் சுரண்டுவார், மறுபடி கண்ணை மூடித் தூக்குவார். கையெல்லாம் கொப்புளம். மனைவி, “பன்னியைக் கொல்லப் போறீங்களா, அதுக்குப் பல்லக்குச் செய்யறீங்களா?” என்று கேட்டாள். ஒருநாள் கண்ணைத் திறந்தபோது குறிமுள் தானாக வந்து கண்ணுக்கு நேரே நின்றது. துப்பாக்கி தம் உடம்பிலேயே முளைத்தது போல இருந்தது அவருக்கு. அன்று பழனாத்தா அதை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தாள்.

“எனக்குச் சேரலீங்கண்ணா,” என்றாள். “அருமையா செஞ்சிருக்கீங்க.”

அவள் வாயிலிருந்து ‘அருமை’ என்ற சொல்லை அந்த மலையில் அதற்கு முன் கேட்டவர்கள் இல்லை. சென்னியப்பன் அன்று சாப்பிடவே மறந்துவிட்டார்.

மீதமிருந்த காசில் வாங்கிய வெடிமருந்து ஒரு சுரைக்குடுக்கையில் அடங்கிவிட்டது. எதிர்க்கரட்டில் பழைய பானைகளைக் கட்டித் தொங்கவிடச் சொன்னாள் பழனாத்தா. மேய்க்கப் போகிறவர்கள் கட்டிவிட்டு வந்தார்கள். முதல் குண்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. அடுத்தது பாறையில் பட்டுத் தெறித்தது. மருந்து குறையக் குறைய அவர் குடுக்கையைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். கடைசியில் பானை சில்லு சில்லாய்ப் போனபோது பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்ற ஊரே கூவியது. சென்னியப்பன் துள்ளிக் குதித்தார். ஐம்பது வயது மனிதர் குதித்தால் எப்படி இருக்கும் என்று அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

குடுக்கையைக் கவிழ்த்தபோது ஒரே ஒரு வெடிக்குத்தான் மருந்து மிச்சம்.

“போதுமுங்க,” என்றார். “இப்பத்தான் கை நிக்குதே.”

மறுநாள் சாயங்காலம் இருவரும் பள்ளத்து விளிம்பில் படுத்திருந்தார்கள். வெயில் எதிர்க்கரட்டின்மேல் சாய்ந்து விழுந்தது. மூங்கில் புதர் அசைந்து, பன்றி வெளியே வந்தது. சென்னியப்பன் மூச்சை இழுத்துப் பிடித்தார். என்ன மிருகம்! முதுகு மயிர் சிலிர்த்து நிற்க, அவசரமே இல்லாமல், அந்தக் கரடு முழுக்கத் தனக்கென்று எழுதி வைத்தது போல நடந்து வந்தது. சேற்றில் இறங்கி விலாவைக் காட்டி நின்றது.

அவர் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தூக்கித் திறந்தார். குறிமுள் பன்றியின் முன்னங்காலுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. விரல் விசையில் படிந்தது.

“அண்ணா,” என்றாள் பழனாத்தா மெதுவாக. “சொம்புல தண்ணி கொண்டாந்திருக்கீங்களா?”

விரல் நின்றுவிட்டது.

வெள்ளிமுடி மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த உயிரைச் சுட்டாலும், அதன் மூச்சு அடங்கும் முன் சுட்டவனே போய் அதன் வாயில் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் அந்தக் கறியை ஒருவரும் தொடமாட்டார்கள். சுட்டவனும் தன் துப்பாக்கியைப் பள்ளத்தில் எறிந்துவிட வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, குழலும் குதிரையும் கட்டையுமாக அலைந்ததில் சென்னியப்பனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அவர் கீழே பார்த்தார். கிடுகிடு பள்ளம். இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்க்கரடு ஏறுவதற்குள் பொழுது போய்விடும். அதுவரைக்கும் எந்த உயிர் காத்திருக்கும்? காத்திருந்தால் அது எப்படிக் காத்திருக்கும்?

துப்பாக்கியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“இதைச் சந்தையிலயே கேட்டிருக்கலாமுங்களே அம்மிணி!”

“கேட்டிருக்கலாமுங்க.”

எழுந்து போய்விட்டாள்.

பன்றி சேற்றில் ஆசைதீரப் புரண்டுவிட்டு மூங்கிலுக்குள் போனது. அன்று இரவும் அவர் காட்டில் கதிர் தின்றது.

சென்னியப்பன் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீரோடும் துப்பாக்கியோடும் பள்ளத்தில் இறங்கினார். அந்தக் கரட்டில் கால் வைத்ததும் தொடைத் தழும்பு துடித்தது. பயம்தான், வேறென்ன. சேற்றுக்குழிக்கு வெகு தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். சுடவில்லை. ஒரு வெடிக்குத்தான் மருந்து. அவ்வளவு தூரத்திலிருந்து சுட்டால் படலாம், படாமலும் போகலாம். பட்டும் சாகாமல் இருந்தால் அது நேரே அவரிடம்தான் வரும்.

அடுத்த நாள் கொஞ்சம் கிட்டத்தில் உட்கார்ந்தார். காற்று உச்சிப்பொழுதில் கீழிருந்து மேலே வீசுவதையும், சாயங்காலம் ஒரு கணம் நின்று திரும்புவதையும் கவனித்தார். காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் பன்றிக்கு மோப்பம் தெரியவில்லை. அதன் இடது காது கிழிந்திருப்பதைப் பார்த்தார். சேற்றில் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் நின்று காது கொடுப்பதைப் பார்த்தார். வயசாகிவிட்டது அதற்கு. பின்னங்காலை லேசாகத் தாங்கி நடந்தது, தம்மைப் போலவே.

நாளாக ஆகப் பாறைக்குப் பாறை முன்னால் போனார். எந்த நாளில் பயம் போனது என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. போகவே இல்லை என்றுகூடச் சொல்வார். ஆனால் கடைசியாக அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பன்றியின் மூச்சு கேட்டது. கண்ணிமை மயிர் தெரிந்தது.

கண்ணை மூடினார். தூக்கினார். திறந்தார்.

ஒரே வெடி. கரடு அதிர்ந்தது. பன்றி முன்னங்கால் மடிந்து, அப்படியே சாய்ந்தது.

சொம்பைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே ஓடினார். அதன் தலைப்பக்கம் மண்டிபோட்டு, வாயில் தண்ணீர் விட்டார். பன்றி நாக்கை நீட்டி நக்கியது. அதன் சின்னக் கண் அவரைப் பார்த்துக்கொண்டே நிலைத்துப் போனது. இரண்டு வருடமாக அதைத் திட்டாத நாளில்லை. இப்போது சென்னியப்பன் விசித்து விசித்து அழுதார். அழுகிறோமே என்ற வெட்கம்கூட அவருக்கு இல்லை.

வெடிச்சத்தம் கேட்டு, இருட்டும் நேரத்தில் ஊர் பந்தத்தோடு வந்து சேர்ந்தது. பழனாத்தாவும் வந்தாள். பன்றியைப் பார்த்தாள், காலி சொம்பைப் பார்த்தாள், குண்டு பட்ட இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

“நல்ல அடிங்கண்ணா,” என்றாள்.

ஊரார் மூங்கிலை வெட்டி, பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார்கள். துப்பாக்கியைப் பற்றித்தான் ஒரே பேச்சு. பள்ளத்தைத் தாண்டி அடிக்கிற துப்பாக்கியாச்சே என்று ஒருவர் சொல்ல, ஊர்ப்பக்கம் இருந்தே சுட்டுப் பன்றி விழுந்ததாக இன்னொருவர் அப்போதே கதை கட்ட ஆரம்பித்தார். குருவும் சீடரும் பின்தங்கி நடந்தார்கள்.

“அம்மிணி, கைக்கெட்டற தூரத்துல சுடறதுக்கா இத்தனை நீளக் குழலைத் தேடி அலைஞ்சன்?”

“குட்டைக் குழலா இருந்து, அந்த ஒரு வெடி கொஞ்சம் விலகியிருந்தா?”

அவர் தொடையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார்.

“கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க நம்ம ஊர்ப்பக்கமிருந்து பள்ளத்தைத் தாண்டி அடிச்சு அடிச்சுத்தான் இத்தனை பேரு வாங்குனீங்க. அந்த உசுருக்கெல்லாம் எப்படித் தண்ணி விட்டீங்க?”

“நான் அங்கிருந்து அடிச்சதெல்லாம் பானைங்கண்ணா,” என்றாள் பழனாத்தா. “பானைக்குத் தாகம் எடுக்காதுங்களே.”