குருத்தாயி வீட்டுக் கதவு

மலையிலயும் அணுவிலயும் ஒண்ணுபோல நிறைஞ்சிருக்கிற ஈசனே, உன்னை நினைச்சுத் தொடங்கறேன். சொல்லு பிசகாம காப்பாத்து.

ஒரு ஊர்ல, செல்லம், வானமும் கிடையாது, வெயிலும் கிடையாது. ஓயாம சிவப்பா ஓடற ஆறு மட்டும் உண்டு. ஏன்னா அந்த ஊரே ஒரு சின்னப் பொண்ணோட உடம்பு. பொண்ணு பேரு அமிழ்தினி. ம் கொட்டு.

"ம்."

அங்க குடியிருக்கிறவங்களுக்கு உயிரணுன்னு பேரு. செல்லுன்னும் சொல்லுவாங்க. ஆளுக்கு ஒரு உருவம், ஆளுக்கு ஒரு வேலை. நெஞ்சுல இருக்கறவங்க கைகோத்துக்கிட்டு லப்-டப், லப்-டப்னு ஒரே தாளத்துல துடிப்பாங்க. நரம்புல இருக்கறவங்களுக்கு முதுகுலேர்ந்து கால்விரல் வரைக்கும் எட்டற நீளக் கை. சுளீர்னு சேதி கொண்டுபோவாங்க. தோல்ல இருக்கறவங்க நெருங்கி நின்னு ஊருக்கு மதிலா இருப்பாங்க.

அப்புறம் இடுப்பெலும்புக்குள்ள, மஜ்ஜைங்கற தெருவுல, குருத்தாயின்னு ஒருத்தி. அவளுக்கு மட்டும் தனியா ஒரு உருவம் இல்ல. பிரியாம சுருண்டிருக்கிற வாழைக் குருத்து மாதிரி இருப்பா. டாக்டருங்க ஸ்டெம் செல்னு சொல்றது அவளைத்தான். ரத்தத்துல யாரா வேணும்னாலும் அவ ஆகலாம். ஆனா ஆயிட்டா, திரும்ப குருத்தாக முடியாது. அதனால அந்தத் தெருவுல ஒரு வழக்கம். அழைப்பு வந்தா ரெண்டா பிரியணும். ஒருத்தி போகணும், ஒருத்தி வீட்டுல இருக்கணும்.

"என்னடி, இன்னுமா முடிவு பண்ணல?"ன்னு ஆத்தோட போற சிவப்பணுங்க கேலி பண்ணும். குருத்தாயி சுருண்டபடியே நெஞ்சோட தாளத்தைக் கேட்டுக்கிட்டிருப்பா. தாளம் கேக்குதே, அந்த நெஞ்சை ஒரே ஒரு தடவை பக்கத்துல போய்ப் பார்க்கணும்னு மட்டும் அவளுக்கு ஆசை.

அப்போ ஊருக்குள்ள ஒரு விஷக் காய்ச்சல் வந்துது.

டொக் டொக்! "மூச்சு பத்தல, தாயி!"ன்னு ஆத்தோட வந்த சேதிக்காரங்க கதவைத் தட்டினாங்க. குருத்தாயி ரெண்டானா. ஒருத்தி சிவப்பணு ஆனா. காத்தைச் சுமக்க இடம் வேணும்னு தன் நடுவுல இருந்த உட்கருவையே கழட்டிப் போட்டுட்டுக் கிளம்பினா. பக்கத்து வீட்டுல இருந்த இன்னொரு குருத்தும் ரெண்டானா, ஆனா அவங்க வழக்கத்தையே மறந்துட்டாங்க. "ஊரே எரியறப்போ உள்ள உட்கார்ந்து என்னடி பண்றது?"ன்னு ரெண்டு பேருமே தடதடன்னு ஓடிட்டாங்க.

அப்புறம் மறுபடி, டொக் டொக்! "கிருமி புகுந்துடுச்சு, தாயி!" திரும்பவும் ரெண்டானா. ஒருத்தி வெள்ளையணுவாகிப் போய், கிருமியை லபக்னு விழுங்கி, அதோடயே மடிஞ்சா. கேக்கறியா?

"ம்..."

மூணாவது தடவை பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டினாங்க. டொக் டொக். சத்தமே இல்ல. டொக் டொக் டொக். உள்ள யாரு இருக்கா, பதில் சொல்ல? அப்போ குருத்தாயி வீட்டுக் கதவுக்கு வந்தாங்க. "பொண்ணுக்கு ஈறுல ரத்தம் நிக்கல. தட்டணு வேணும். நீயாவது இருக்கியா, தாயி?"

குருத்தாயி ரெண்டானா. ரெண்டும் ஒரே முகம். யாரு தாய், யாரு மகள்னு அவங்களுக்கே தெரியல.

"இந்தத் தடவை நான் போறேன்."

"ஏன், நீ மட்டுமா காத்திருந்தே? எனக்கும் அதே ஆசைதான்டி."

முதல்ல பேசின குருத்தாயி பக்கத்து வீட்டைப் பார்த்தா. அங்க தட்டினா திறக்க இனி யாரும் இல்ல. "சரி, நீ போ," அப்படீன்னா. "நெஞ்சைத் தாண்டறப்போ எனக்கும் சேர்த்துப் பாரு."

போனவ பெருசா, பெருசா, பூதம் மாதிரி வளர்ந்தா. அப்புறம் தன்னையே பிட்டுப் பிட்டு ஆத்துல தூவினா. அந்தத் துணுக்குங்கதான் தட்டணு. எல்லாம் நெஞ்சு வழியாப் போய், ரத்தம் கசியற இடத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சுதுங்க.

வெளியில அமிழ்தினி கண்ணைத் திறந்து, "அம்மா, கஞ்சி குடு"ன்னா. அம்மா அழுதுகிட்டே அடுப்பைப் பத்தவெச்சா. குருத்தாயிக்கு இதெல்லாம் தெரியாது. தடுமாறிக்கிட்டிருந்த லப்-டப் நிதானத்துக்கு வந்தது மட்டும் எலும்புக்குள்ள கேட்டுது.

அப்புறம் யாரும் தட்டாமலே அவ ஒரு தடவை ரெண்டானா. ரெண்டு பேருமே குருத்தாவே இருந்தாங்க. ஒருத்தி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்க் கதவைச் சாத்திக்கிட்டு, அடுத்த அழைப்புக்காக உட்கார்ந்தா.

அவ்வளவுதான் செல்லம், கதை வீடு போய்ச் சேர்ந்துது. உன் எலும்புக்குள்ளயும் அவ முழிச்சிருக்கா, நீ தூங்கு. கேட்ட பிள்ளைக்கும், கேட்டுக்கிட்டே தூங்கிப்போன பிள்ளைக்கும், எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேர்ந்து ஒரு குரல் வரட்டும். குருத்து வாடாம ஈசன் காக்கட்டும்.