துளை இல்லாத பெட்டி

மடத்தின் நிர்வாகம் பார்ப்பவருக்குக் காறுபாறு என்று பெயர். பழைய காறுபாறு காலமானதும், புதியவரைத் தானே நியமிக்காமல் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் குரு. மடத்தில் நாற்பத்தோரு ஓட்டு. போட்டிக்கு நின்றவர்கள் இரண்டு பேர், தில்லைநாயகமும் சோமசேகரரும்.

ஓட்டுப்பெட்டி வாங்கும் வேலையும் தில்லைநாயகத்திடமே வந்தது. குருவைவிட ஆறு வயது மூத்தவர். துறவுக்கு முன்னால் வங்கிகளுக்குப் பெட்டகம் செய்யும் கம்பெனியில் இருந்தவர். போட்டியில் நிற்கிறவரே பெட்டி வாங்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மடத்தில் அப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை.

விற்க வந்தவர் இரண்டு ஓட்டு இயந்திரங்களைக் காட்டினார். ஒன்றில் வழவழவென்று கண்ணாடித் திரை மட்டும். மற்றதில் தடவிப் பார்த்து அழுத்தும்படி மேடான பொத்தான்கள், பக்கத்தில் ஹெட்போன் மாட்ட ஒரு துளை. பெயர்களைக் காதில் சொல்லுமாம். துளையைப் பார்த்ததுமே தில்லைநாயகம் முகம் சுளித்தார்.

"துளைன்னு ஒண்ணு இருந்தா அது வழியா எவனாவது உள்ள பூந்துடுவான். கண்ணாடியே போதும்."

ஓட்டு நாளன்று மாசிலாமணி வந்தார். மடத்துக்குப் பூத்தொடுப்பவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. அரளி எது, நந்தியாவட்டை எது என்று அவருக்கு விரலே சொல்லிவிடும். கண்ணாடி அந்த விரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெயரைச் சொல்லுங்கள், நான் அழுத்துகிறேன் என்று தில்லைநாயகம் குனிந்து காதைக் கொடுத்தார். உதவி செய்கிறோம் என்றுதான் உண்மையிலேயே நினைத்தார்.

மாசிலாமணி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தில்லைநாயகத்தின் பெயரையே சொன்னார்.

தில்லைநாயகத்துக்கு இருபத்தொன்று, சோமசேகரருக்கு இருபது.

மறுநாள் காலை மடத்துச் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள தில்லைநாயகம் குருவிடம் போனார். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். பெருமை விடவில்லை.

"சாமி, இதைவிடப் பத்திரமான பெட்டி எங்கயாவது இருக்குமா?"

நீட்டப்போன சாவிக்கொத்தைக் குரு விரலில் மாட்டிக்கொண்டார். தன் துண்டை எடுத்து தில்லைநாயகத்தின் கண்ணைக் கட்டினார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, நேற்றுப் போட்ட மாதிரியே இன்றைக்கும் ஓட்டுப் போடச் சொன்னார்.

தில்லைநாயகம் தடவினார். மேலும் கீழும் ஒரே வழவழப்பு.

"எங்க என்ன இருக்குன்னே தெரியல சாமி."

"அப்ப யாருக்குன்னு என் காதுல சொல்லுங்க. நான் அழுத்தறேன்."

நேற்று அவர் தனக்கேதான் போட்டிருந்தார். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? சோமசேகரர் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் குருவின் காதில் பொய் சொல்லியிருப்பார். அது தெரிந்ததும் உடம்பு கூசியது. கண்ணைக் கட்டியிருப்பதே நல்லது என்று பட்டது.

"சொல்லக் கூச்சமா இருக்கு சாமி."

"மாசிலாமணிக்கு?"

கண்ணைக் கட்டியிருந்த துண்டு நனைந்துவிட்டது. நேற்று அந்த மனிதர் பேசாமல் நின்ற நேரத்தில், தான் குனிந்த தலையை நிமிர்த்தாமல் காத்துக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இப்பவே போய் அவர் கால்ல விழறேன் சாமி. மனசுல நெஜமா யாரை நெனச்சிருந்தார்னு கேட்டு, அந்த ஓட்டை மாத்திப் போட்டுடறேன்."

குரு சாவிக்கொத்தைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே பெட்டி வாங்கச் சொன்னேன்."