மூன்றாவது இட்லி

கேட்க வந்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொல்ல இருந்தவருக்கு முப்பத்து மூன்று. வழக்கமாக இளையவர் கேட்பார், மூத்தவர் சொல்வார்; இந்தக் கதையில் அந்த வரிசை மாறியிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வந்தவர் அடைக்கலம். புதுக்கோட்டையில் கலெக்டர் அலுவலக மதில் ஓரம், தார்ப்பாய் நிழலில் மேசை போட்டு, ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். இருபத்தெட்டு வருஷமாக அதுதான் வேலை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தன்று முப்பது நாற்பது மனு எழுதுவார். எல்லாம் கையால்.

மூன்று மாதமாக அந்தக் கை ஒரு வார்த்தையில் நின்றுவிடுகிறது. 'காலமானார்' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நகர்வதில்லை. வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை, பட்டா மாற்றம் என்று பாதி மனுக்களில் அந்த வார்த்தை வந்தாக வேண்டும். ஆட்கள் அடுத்த மேசைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டர் நரம்புகளைச் சோதித்துவிட்டு, கையில் ஒன்றுமில்லை என்றார். கீழ ராஜ வீதியில், மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் இருக்கும் மனநல ஆலோசகர் நஸ்ரினைப் பார்க்கச் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அடைக்கலம் மாடி ஏறினார். உட்காரவில்லை. நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார். அனுப்புநர், பெறுநர் எல்லாம் இருந்தது. பொருள்: எழுதும்போது கை நின்றுபோதல் தொடர்பாக.

"உட்காருங்க அய்யா."

"இருக்கட்டும் மேடம். நீங்க படிங்க."

"ஐம்பது நிமிஷம் நின்னா கால் வலிக்கும்."

"ஐம்பது நிமிஷமா? கலெக்டரே ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் குடுக்குறாரு."

"அவருக்கு வரிசை இருக்கு. எனக்கு இப்ப நீங்க ஒருத்தர்தான்."

அடைக்கலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒப்புகைச் சீட்டு?"

"இங்க அதெல்லாம் கிடையாது."

"மனு எண் இல்லாம அடுத்த தடவை என்னன்னு வந்து கேக்கிறது?"

"பேரைச் சொன்னாப் போதும்."

அவருக்கு அது சரியாகப் படவில்லை. எண் இல்லாத மனு எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியும்.

"மாத்திரை குடுப்பீங்களா?"

"நான் டாக்டர் இல்ல. தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்புவேன்."

"புத்தி சொல்லுவீங்களா?"

"அநேகமா மாட்டேன்."

"அப்புறம் என்னதான் செய்வீங்க?"

"நீங்க பேசுறதைக் கவனிச்சுக்கிட்டு இருப்பேன்."

"அதை எங்க டீக்கடைக்காரனே செய்வானே."

"அவரு அதை இன்னொருத்தர்கிட்ட சொல்லுவாரு. நான் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியிருக்கும். அப்பவும் முடிஞ்சவரை உங்களுக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்."

அடைக்கலம் தலையாட்டினார். டீக்கடைக்காரரைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை.

"எத்தனை நாள்ல தீரும்? மனுவுக்கு முப்பது நாள் கெடு உண்டு."

"தெரியாது அய்யா. வாரம் ஒரு தடவை வாங்க. நாலஞ்சு வாரம் போகட்டும், ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பார்ப்போம். நான் ஒத்துவரலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் இருக்காங்க. எனக்கு வருத்தமில்ல."

"வந்துட்டுப் போனா நல்லாவாவது இருக்குமா?"

"சில நாள் வந்ததைவிட மோசமாத்தான் திரும்பிப் போவீங்க."

"இதை போர்டுல எழுதி வச்சா ஒருத்தனும் மாடி ஏற மாட்டான்."

"அதான் எழுதலை."

நஸ்ரின் மனுவை நிதானமாகப் படித்தார். ஒரு பக்கம்தான். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"நல்லா இருக்கு. எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எப்படிக் கொண்டு வர்றீங்க?"

அடைக்கலம் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"வர்றவங்க எல்லாத்தையும் கொட்டுவாங்க மேடம். நாமதான் வெட்டணும். மூணு மாசத்துக்கு முந்தி ஒரு அம்மா வந்துச்சு. புருஷன் இறந்துட்டாரு, உதவித்தொகைக்கு மனு. என்னைக்கு இறந்தாருன்னு கேட்டா, காலையில மூணு இட்லி வச்சேன், ரெண்டைத் தின்னுட்டு மூணாவதை வச்சுட்டு எந்திரிச்சாருங்குது. தேதியைச் சொல்லும்மான்னேன். இட்லியைத் தெரிஞ்சு கலெக்டர் என்ன பண்ணுவாரு?"

"சொன்னாங்களா?"

"தேதியைச் சொல்லுச்சு. எழுதப் போனேன்."

சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்குத்தான் கை நின்னுச்சு."

நஸ்ரின் மனுவை மேசையில் வைத்தார்.

"இந்த மனுவுல எதை வெட்டினீங்க அய்யா?"

"இதுலயா? ஒண்ணும் வெட்டலையே."

நஸ்ரின் மேற்கொண்டு கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது. கீழே கடையில் யாரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுத்துகளை உரக்கப் படித்தார்கள். அடைக்கலம் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியைக் காட்டினார்.

"இது எதுக்கு?"

"சிலபேருக்கு அழுகை வரும்."

"எனக்கு வராது."

"சரி அய்யா."

மறுபடியும் பேச்சில்லை. அதிகாரி பேசாமல் இருந்தால் மனு தள்ளுபடி என்று அர்த்தம். அடைக்கலம் எழுந்துவிட்டார்.

"அப்ப நான் வர்றேன்."

"போகலாம். இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, அது உங்களோடது. சும்மா இருந்துட்டும் போகலாம்."

அவர் வாசல் வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சௌந்தரம் ஆஸ்பத்திரியில, என் செருப்பு எங்கன்னு கேட்டா."

சௌந்தரம் அவர் மனைவி. ஐந்து மாதம் முன்பு இறந்துபோனவர். மனுவில் அந்தப் பெயரே இல்லை.

"ரெண்டு தடவை கேட்டா. டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம். செருப்பா இப்ப முக்கியம், பேசாமப் படுன்னு அதட்டிட்டேன். கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. குனிஞ்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அவ என்கிட்ட ஒண்ணும் கேக்கலை."

நாற்காலியை விட்டுவிட்டு, தோள் துண்டைச் சரிசெய்தார்.

"இதெல்லாம் மனுவுல வராது மேடம். சம்பந்தமில்லாதது."

"என்ன நிறச் செருப்பு?" என்று கேட்டார் நஸ்ரின்.

அடைக்கலம் அவரைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் எந்த மனுவுக்கும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"நீலம். வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருந்தா. புதுசு வாங்கலாம்னா கேக்க மாட்டா."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மிச்சமிருந்த நேரம் முழுவதும் செருப்பைப் பற்றியே பேசினார். நேரம் முடிந்ததும் நஸ்ரின் சொன்னார். அவர் எழுந்து போனார்.

இரண்டாவது வாரம் வந்து பாதி நேரம் பேசாமல் இருந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை. நான்காவது வாரம் கோபமாக வந்தார். முன்பு கைதான் நின்றது, இப்போது தூக்கமும் போய்விட்டது என்றார். நஸ்ரின் மறுக்கவில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பிடுகிறாரா, பேச வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடச் சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். அடைக்கலம் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த செவ்வாய்க்கும் நேரம் கேட்டார்.

ஐந்தாவது வாரம் அரைமணி முன்னதாகவே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் ஆரம்பித்தார்.

"என் பொழப்பைக் கெடுத்துட்டம்மா."

'மேடம்' எப்போது 'அம்மா' ஆனது என்று இருவரும் கவனிக்கவில்லை.

"என்ன ஆச்சு அய்யா?"

"நேத்து குறைதீர் கூட்டம். வரிசையில பதினஞ்சு பேரு. கீரனூர்லேருந்து ஒருத்தரு, சம்சாரம் இறந்து வாரிசுச் சான்றுக்கு வந்தாரு. தேதியைத்தானே கேக்கணும்? என்ன ஆச்சுன்னு கேட்டுத் தொலைச்சுட்டேன்."

"சொன்னாரா?"

"முக்கால் மணி நேரம் சொன்னாரு. பின்னாடி நிக்கிறவன் எல்லாம், இங்க மனு எழுதுறாங்களா கதாகாலட்சேபம் நடக்குதான்னு கத்துறான்."

"நீங்க?"

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அழுதுட்டேன். அத்தனை பேரு முன்னாடி, துண்டை மூஞ்சியில வச்சுக்கிட்டு. பக்கத்து மேசைக்காரன், எனக்கு நெஞ்சுவலின்னு சோடா வாங்க ஓடுறான். மனு குடுக்க வந்தவரு எந்திரிச்சு வந்து என் முதுகைத் தடவிக் குடுக்குறாரு. இதுக்காம்மா இந்த மாடி ஏறினேன்?"

"மனு?"

"எழுதித்தான் அனுப்பினேன். ஒரு பக்கம். பிசிறில்லாம."

சொல்லும்போதே அவர் கண் மறுபடி நிறைந்தது. பெட்டியை இழுத்து ஒரு தாளை உருவினார். போதாமல் இன்னொன்றும் உருவினார்.

"பாரு, இங்கயும் வருது. வீட்டுல சோறு திங்கும்போது வருது, பஸ்ல வருது. கையைச் சரி பண்ணத்தான வந்தேன்? இந்த அழுகை எப்பம்மா நிக்கும்?"

அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை நஸ்ரின் காத்திருந்தார்.

"நேத்து 'காலமானார்'னு எழுதும்போது கை நின்னுச்சா, அய்யா?"

 அடைக்கலம் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.