பெருச்சாளி வெட்டவைத்த ஊற்று

மஞ்சளோடையின் கரையில் வளையன் என்றொரு பெருச்சாளி வாழ்ந்து வந்தது. கரை மேட்டில் தொடங்கி ஓடையின் அடிவரை அது தோண்டி வைத்திருந்த வளைக்கு எட்டு வாசல்கள் இருந்தன. காட்டில் யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை. மண்ணைக் கிளறுவதைத் தவிர இதற்கு என்ன தெரியும் என்று பேசிக்கொள்வார்கள். வளையனும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. தின்னக் கிழங்கு கிடைத்தது, படுக்க இடம் இருந்தது. அதற்கு அது போதும்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை முதலில் குட்டை குட்டையாகப் பிரிந்தது. பிறகு குட்டைகளும் வற்றின. சித்திரை பிறந்தபோது மணலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருந்தது. அதற்கு ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். காலில் பலமுள்ள மிருகங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

தாழை என்ற புள்ளிமானால் போக முடியவில்லை. அதற்குக் குட்டி பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. குட்டி நின்றால் கால் நடுங்கியது.

ஒருநாள் விடியற்காலையில் வளையன் வாசலில் தலையை நீட்டியது. எதிரே தாழை நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, உன் மூக்குல ஈர மண் ஒட்டியிருக்கே. எங்கேருந்து வந்தது?" என்று கேட்டது தாழை.

வளையன் சட்டென்று மூக்கைத் துடைத்துக்கொண்டது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மானின் பின்னால் படுத்திருந்த குட்டியின் உதடு வெடித்திருந்தது.

"கீழே தண்ணி இருக்கு" என்றது வளையன். "ஓடை மணலுக்கு அடியில, அஞ்சு முழம் ஆழத்துல. மருத மரத்து வேர் போன சந்து வழியா நான் ஒருத்தன் மட்டும் நுழையலாம். கசியறதை நக்கிக் குடிச்சுட்டு வருவேன். வெளியே கொண்டுவர வழியில்லை."

"மேலேருந்து தோண்ட முடியாதா?"

"காட்டுப்பன்றி முயற்சி பண்ணிப் பார்த்தது. மணலுக்குக் கீழே கூழாங்கல்லும் களியும் இறுகிப் பாறையாட்டம் கிடக்கு. கோரைப்பல் உடைஞ்சதுதான் மிச்சம்."

தாழை குட்டியைத் திரும்பிப் பார்த்தது. "நான் தண்ணி குடிச்சாத்தான் பால் ஊறும். பால் இல்லேன்னா இது பிழைக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

அன்று முழுவதும் வளையனுக்குக் கிழங்கு இறங்கவில்லை. ஈரமான கோரைக்கிழங்குகள் சிலவற்றைத் தேடி எடுத்து மான் படுத்திருந்த புதரடியில் கொண்டுபோய் வைத்தது. அன்று முதல் தினமும் அப்படியே செய்தது. அதை மென்றால் ஒரு மானின் நாக்கு நனையும், அவ்வளவுதான்.

மறுநாள் ஆள்காட்டிக் குருவி செம்மூக்கி வானத்தில் வட்டமடித்துக் கத்தியது. "ஆள் வருது! ஆள் வருது!"

எல்லாரும் மறைந்துகொண்டார்கள். வளையன் வாசலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. தொப்பி போட்ட ஒருவன் ஓடைக்குள் இறங்கினான். தோளில் கடப்பாரையும் மண்வெட்டியும் இருந்தன. கையில் நீளமான ஒரு தடி. தடியின் நுனியில் தட்டுப்போல் வட்டமாக ஏதோ இருந்தது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கருவியை மனிதர்கள் மெட்டல் டிடெக்டர் என்பார்கள். அவன் அந்தத் தட்டை மணலுக்கு மேலே இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டிக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் அது கீச்சென்றது. உடனே மண்டியிட்டுத் தோண்டினான். துருப்பிடித்த ஆணி ஒன்று வந்தது. வீசி எறிந்தான். இன்னோர் இடத்தில் சோடாப் பாட்டில் மூடி. அதையும் எறிந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் கருவி மறுபடி கத்தியது. இந்தமுறை அவன் விரலிடுக்கில் மிளகளவு மஞ்சள் கல் ஒன்று மின்னியது. அவன் அதை நாக்கில் வைத்துப் பார்த்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். தனியாகவே சிரித்தான்.

வளையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மாதிரிக் கல் அதன் வளையில் ஒரு கைப்பிடி கிடந்தது. தோண்டும்போதெல்லாம் அகப்படும். கடித்தால் பல் கூசும். கனமாக இருப்பதால் வெளியே தள்ளவும் சிரமம். அதனால் ஒரு மூலையில் உருட்டி விட்டிருந்தது.

இதற்காகவா இந்த மனிதன் வெயிலில் இந்தப் பாடு படுகிறான்?

தொப்பிக்காரன் மருத மரத்தடியில் கூடாரம் அடித்தான். மூன்று நாட்கள் வளையன் அவனையே கவனித்தது. வளைக்குள் அந்தக் கற்கள் கிடந்த மூலைக்கு நேர் மேலேயே அவன் இரண்டுமுறை நடந்தான். கருவி கத்தவே இல்லை. ஆழத்தில் இருப்பது அதற்குக் கேட்காது என்று வளையன் தெரிந்துகொண்டது. ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அதற்குள் இருந்தால்தான் கத்தும். இன்னொன்றையும் அது கவனித்தது. கருவி கத்திய இடத்தில் மண் எவ்வளவு இறுகியிருந்தாலும் அவன் விடுவதில்லை. கடப்பாரையால் குத்திப் பெயர்த்துவிடுவான்.

வளையன் தாழையையும் செம்மூக்கியையும் கூப்பிட்டது. கோணையன் என்ற நரியும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.

"நம்மால தோண்ட முடியாது. அவனால முடியும்" என்றது வளையன். "தண்ணி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே ஒரு மஞ்சள் கல்லை வைக்கிறேன். அவன் தோண்டி எடுப்பான். மதியம் சாப்பிட்டுத் தூங்குவான் இல்லையா, அப்போ நான் அடிவழியாப் போய் ஒரு சாண் கீழே இன்னொண்ணு வைக்கிறேன். அவன் மறுபடி தோண்டுவான். இப்படியே கீழே கொண்டுபோயிடலாம்."

கோணையன் வாலைச் சொடுக்கியது. "எதுக்கு ஒண்ணொண்ணா? எல்லாத்தையும் மொத்தமா அடியில கொட்டு. ஒரே நாள்ல தோண்டிடுவான்."

"அவ்வளவு ஆழத்துல இருக்கிறது அவன் கருவிக்குக் கேட்காதுப்பா."

"நான் சொன்னா யாரு கேக்கறா?" என்று முனகியது நரி.

அடுத்த நாள் வேலை ஆரம்பமானது. முதல் கல்லை எடுக்க அவன் ஒன்றரைச் சாண் தோண்டினான். மதியம் அவன் குறட்டை கேட்டதும் வளையன் கல்லை வாயில் கவ்விக்கொண்டு சந்து வழியே போனது. குழியின் அடிக்குக் கீழே அதை வைத்து, மண்ணை மூக்கால் அழுத்தி இறுக்கிவிட்டுத் திரும்பியது. மாலையில் கருவி கத்தியது. தொப்பிக்காரன் குழியை அகலமாக்கிக்கொண்டு இறங்கினான். கெட்டியான களிமண் அடுக்கு கடப்பாரைக்கு முன்னால் பிளந்துகொண்டது. புதருக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட தாழை குட்டியை நக்கிக் கொடுத்தது.

இரண்டு நாட்கள் இப்படிப் போயின. குழி அவன் இடுப்பளவு ஆனது.

மூன்றாம் நாள் கோணையன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. ஊர்க் குப்பைமேட்டிலிருந்து நெளிந்த தகர டப்பா, ஒடிந்த கரண்டி, லாடம் என்று கண்டதையும் கவ்வி வந்து, அவன் தூங்கும்போது குழியில் புதைத்தது. கருவி அதிகம் கத்தினால் அவன் அதிகம் தோண்டுவான் என்பது அதன் கணக்கு.

கருவி விடாமல் கத்தியது. தொப்பிக்காரன் ஆசையோடு தோண்டினான். டப்பா வந்தது. மறுபடி தோண்டினான். கரண்டி வந்தது. லாடத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை எறிந்தான்.

"சீ, இது குப்பைக்குழி. இருந்த நாலும் கிடைச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

வளையன் நரியிடம் ஓடியது. "என்ன காரியம் பண்ணினே?"

"உனக்கு ஒத்தாசை பண்ணினேன்" என்றது கோணையன். அதன் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "சத்தம்தானே முக்கியம்னு நினைச்சேன்."

"அவன் சத்தத்துக்காகத் தோண்டலை. கிடைக்கும்கிற நம்பிக்கையில தோண்டறான். அது போயிட்டா, கருவி எவ்வளவு கத்தினாலும் தோண்டமாட்டான்."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. தொப்பிக்காரனிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓரிடத்தை விட்டுப் போகுமுன் வெட்டிப்போட்ட மண்குவியலைக் கருவியால் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்ப்பான். வளையன் வளைக்குள் பாய்ந்தது. இருந்ததிலேயே பெரிய கல்லை, புளியங்கொட்டை அளவு இருக்கும், கவ்விக்கொண்டு வந்தது. பட்டப்பகலில், திறந்த வெளியில், குழிக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஓடி அதை மண்குவியலில் செருகியது. பருந்து பார்த்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

தொப்பிக்காரன் வந்தான். தட்டை ஆட்டினான். கருவி கத்தியது. கல்லைக் கையில் எடுத்தவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து போய்க் கயிற்றைத் திரும்பக் கட்டினான்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. அதுதான் வளையனுக்கு வினையானது. அடுத்த நாள் மதியம் அது குழிக்கு அடியில் கல்லை வைத்துக்கொண்டிருந்தது. தொப்பிக்காரன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து வந்தான். காவலுக்கு இருந்த செம்மூக்கி தன் முட்டைகளைப் பார்க்கப் போயிருந்தது. அது திரும்பி வந்து கத்துவதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. மண்ணைப் பிளந்துகொண்டு வந்த இரும்பு வளையனின் வாலில் பாதியைத் துண்டித்தது.

எப்படித் திரும்பினோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வந்து விழுந்தது. தாழை அதன் காயத்தை நக்கியது.

"போதும் அண்ணே. உன் உசிரைக் கொடுத்து எனக்குத் தண்ணி வேண்டாம். நான் குட்டியைக் கூட்டிட்டு மலை ஏறிப் பார்க்கறேன்."

"இந்தக் குட்டி மலை ஏறாது. உனக்கே தெரியும்" என்றது வளையன். "இன்னும் ஒண்ணரை முழம்தான். ஒரே ஒரு கல் பாக்கி இருக்கு. அதையும் வெச்சுட்டு வந்துடறேன்."

மறுநாள் மதியம் செம்மூக்கி குழியின் விளிம்பைவிட்டு அசையாமல் காவல் நின்றது. கோணையன் கூடாரத்துப் பக்கம் படுத்து அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. வளையன் வலியோடு நகர்ந்து போய்க் கடைசிக் கல்லை வைத்துவிட்டு வந்தது. மாலையில் தொப்பிக்காரன் அதையும் எடுத்தான். குழி அவன் கழுத்தளவு வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவன் இறங்கிக் கருவியை ஆட்டினான். சத்தமே இல்லை. மறுபடி ஆட்டினான். ஒன்றும் இல்லை. குழியின் விளிம்பில் கருவியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சும்மா நின்றான்.

கரை மேட்டிலிருந்து நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வளையன் கண்ணை மூடிக்கொண்டது. இனி அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதான், போகப்போறான்" என்றது கோணையன் மெதுவாக.

தொப்பிக்காரன் போகவில்லை. எச்சிலைக் கையில் உமிழ்ந்து தேய்த்துக்கொண்டான். "இத்தனை நாளும் இங்கேதானே கிடைச்சுது. இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும்" என்றான். கருவி சொல்லாமலே கடப்பாரையை ஓங்கினான். வெயில் ஏறும்வரை குத்தினான். மதியம் சாப்பிடவும் இல்லை. களியெல்லாம் தீர்ந்து கடைசியில் கருத்த மணல் வந்தது. அள்ள அள்ள அது கொழகொழவென்று கையில் ஒட்டியது. பிறகு அவன் கணுக்காலைச் சுற்றி ஏதோ சில்லென்று ஊறியது.

மறுநாள் விடிந்தபோது குழியில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது. தொப்பிக்காரன் வந்து பார்த்தான். வாய்விட்டுத் திட்டினான். பிறகு குனிந்து முகம் கழுவினான். தன் கேனை நிரப்பிக்கொண்டான். கல்லெல்லாம் இருந்த சிறு பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். போகும்போது சீட்டியடித்தான்.

மிருகங்கள் குழியின் ஒரு பக்கத்தைச் சரித்து, இறங்குவதற்குத் தோதாகச் சரிவு உண்டாக்கின. தாழை முன்னங்காலை மடித்துக் குடித்தது. வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. அன்று சாயங்காலம் குட்டி முட்டிமுட்டிப் பால் குடித்த சத்தம் மேட்டிலிருந்த வளையனுக்குக் கேட்டது.

கோணையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "அண்ணே, அந்தக் கல்லெல்லாம் தங்கமாம், மனுசங்க மத்தியில பெரிய மதிப்பாம். அத்தனையும் போச்சேன்னு உனக்கு வருத்தமா இல்லையா?"

வளையன் அரைவாலை வசதியாக மடக்கிக்கொண்டது. "நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அது முதுகுல குத்தும்" என்றது. "இப்போ நல்லாத் தூக்கம் வருது."

தன்னிடம் சும்மா கிடக்கும் பொருளைப் பிறர் தாகம் தீரச் செலவிடத் தெரிந்தவனே உண்மையில் செல்வம் உடையவன்.