கோமளவல்லியின் செவ்வந்தி

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. தோளில் ஒரு துணிப்பை. இடுப்பில் அணைத்தபடி ஒரு மண்தொட்டி. அதில் இருந்தது இறந்துபோன மனைவி கோமளவல்லி வளர்த்த மஞ்சள் செவ்வந்தி.

மடத்தின் குரு மெய்யம்மை. மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர்.

ஐப்பசி மழையில் செடி தளர்ந்தது. அடியிலைகள் கறுத்தன. தியானத்தில் உட்கார்ந்தாலும் மாசிலாமணியின் காது மழையிலேயே இருந்தது.

"அம்மா, இது பிழைக்குமா?"

மெய்யம்மை மண்ணைக் கிளறி முகர்ந்தார். "வேர் அழுகிடுச்சு."

கத்தரிக்கோலை எடுத்தார். மொட்டு வைக்காத நுனிகளாகப் பார்த்து வெட்டினார்.

மாசிலாமணி பதறினார். "ஐயோ, இருக்கிறதும் போயிடுமே!"

"போகத்தான் போகுது ஐயா."

எட்டு நுனிகள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு, நிழலில் வைத்தார். "இருபது நாள் தொடாதீங்க."

ஐந்தாம் நாளே மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் இல்லை. திரும்ப ஊன்றினார். மறுநாள் அது தலை சாய்ந்தது. பயம் கூடியது. இன்னொன்றையும் பிடுங்கினார். அதுவும் போயிற்று. அந்த வாரமே தாய்ச்செடியும் பட்டுப்போனது.

அழுதுகொண்டே குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இன்னும் ஆறு இருக்கே," என்றார் அவர்.

இருபதாம் நாள் பார்த்தபோது மூன்றுதான் வேர் விட்டிருந்தன. மாசிலாமணி அவற்றைத் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றினார்.

மடத்துக்குப் பால் கொண்டுவரும் ராக்காயி அவற்றைப் பார்த்தாள். "ஒண்ணு குடுங்கய்யா, வாசல்ல வச்சுக்கறேன்."

"முடியாது, போ!" துண்டை எடுத்துத் தொட்டிகளை மூடினார். அவள் முகம் வாடிப்போய் நடந்தாள்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. குருவிடம் போனார்.

"தப்பாம்மா? இது என் கோமளாவோட செடி. ஒண்ணு போனா ரெண்டுதான் மிஞ்சும். அந்தப் பொண்ணு தண்ணியை அதிகமா ஊத்திட்டா?"

"கோமளா அம்மாவுக்கு இது எங்கேருந்து வந்துச்சு?"

பதினைந்து வருஷமாக வீட்டில் பூத்த பூ. ஒரு நாளும் மாசிலாமணி கேட்டதில்லை.

"தெரியலையேம்மா."

"யாரோ ஒடிச்சுக் குடுத்திருக்காங்க," என்றார் மெய்யம்மை.